ஷெரீப், அமீனா, காவல்காரர்: பதவிப்பெயர்களும் மொழிபெயர்ப்பும்

‘ஷெரீப்’ என்னும் ஆங்கிலப் பதவிப்பெயரைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒரு சொல்லைப் பற்றிய வினாவாகவே தோன்றும். ஆனால் இச்சொல் ஒரே பதவியைக் குறிப்பதன்று. இடைக்கால இங்கிலாந்தில் ஷெரீப் அரசனுக்கு வரி தண்டியவர். ஸ்காட்லாந்தில் இன்றும் அவர் ஒரு நீதிபதி. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவர். பழைய சென்னையிலோ நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றியவர். இந்நால்வருக்கும் தமிழில் ஒரே ஒலிபெயர்ப்பே வழங்குகின்றது. போதாக்குறைக்கு, உயர்குடியினர் எனப் பொருள்படும் அரபுச் சொல்லும் தமிழெழுத்தில் இதே வடிவம் கொள்ளுகின்றது. கவிஞர் கா. மு. ஷெரீப்பின் பெயரும் நீதிமன்றப் பதவியின் பெயரும் எழுத்தில் வேறுபடுவதில்லை. ஆங்கிலச் சொல்லுக்கோ அரபோடு தொடர்பில்லை. ‘ஷயர்’ என்னும் நாட்டுப்பிரிவின் ‘ரீவ்’, அதாவது அரசனின் மேற்பார்வையாளர், என்பதே அதன் மூலம்.

இப்பதவி தமிழகத்திற்கு 1726ஆம் ஆண்டின் அரச பட்டயத்தின் வழியே வந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் மேயர் நீதிமன்றங்களை நிறுவிய அப்பட்டயம், அவற்றின் ஆணைகளை நிறைவேற்ற ஷெரீப்பையும் அமர்த்தியது. சென்னையில் 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றமும், 1801இல் உச்ச நீதிமன்றமும், 1862இல் உயர்நீதிமன்றமும் அடுத்தடுத்து வந்தன. ஷெரீப் எல்லாவற்றையும் கடந்து நின்றார். அழைப்பாணை சார்வு செய்தல், கடனாளியைப் பிடித்தல், சொத்தைக் கைப்பற்றி ஏலமிடல், ஜூரிகளை அழைத்தல் ஆகியன அவர் கடமைகள். நகரமக்களின் வேண்டுகோளின்பேரில் பொதுக்கூட்டம் கூட்டும் உரிமையும் அவருக்கு இருந்தது. காலப்போக்கில் கடமை தேய்ந்து மரியாதை மட்டும் எஞ்சியது. 1956இல் சமூகத்தொண்டர் மேரி கிளப்வாலா ஜாதவும், 1986இல் திரைப்படத் தயாரிப்பாளர் ஏவி.எம். சரவணனும் சென்னை ஷெரீப்புகளாயினர். பம்பாயில் 1980இல் நடிகர் திலீப்குமார் அப்பதவி பெற்றார். சென்னையில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பதவியே ஒழிந்தது.

இருநூற்றாண்டுகளுக்கு மேல் நம்மிடையே இருந்தும் இந்த ஷெரீப்பைப் பற்றித் தமிழில் நாட்டார் கதையொன்று வழங்குவதாகத் தெரியவில்லை. காரணம் எளியது. அவருடைய ஆட்சியெல்லை நகரத்தோடு நின்றது. நாட்டுப்புறத்தில் அவர் வேலையைச் செய்தவர் அமீனா. வழக்கில் தோற்றவன் வீட்டு அண்டாவையும் கதவையும் ஜப்தி செய்ய டவாலியோடு வந்து நின்ற அமீனாவைத் தமிழர் மறக்கவில்லை. இங்கு ஒரு சொல்வரலாறும் கருதத்தக்கது: அமீனும் ஜப்தியும் அரபிலிருந்து பாரசீக வழியாக வந்தவை; ஏலம் போர்த்துக்கீசியம்; சம்மன் ஆங்கிலம். கடன்பட்டவன் நெஞ்சைக் கலங்கச் செய்த சொற்கள் யாவும் கடன்பெற்ற சொற்களே.

அவ்வாறாயின் ராபின் ஹுட் கதைப்பாடல்களில் வரும் நாட்டிங்ஹாம் ஷெரீப்புக்கு இணையானவர் நம்மிடையே யார்? தாசில்தார் என்பது இக்கட்டுரையாளரின் விடை. இன்றைய தாசில்தாரல்லர், 1859க்கு முந்தையவர். சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் கலெக்டரை நீதிநடுவராகவும், தாசில்தாரை வட்டத்தின் காவல் தலைவராகவும், கிராமத்தலைவரையும் தலையாரியையும் அடிமட்டக் காவலராகவும் ஆக்கிற்று. வரி தண்டும் கையும் தண்டிக்கும் கையும் ஒன்றாயின. விளைவை 1855இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையிற் காணலாம். வரி கட்டாதவரின் விரல்களை நெரிக்கும் ‘கிட்டி’, உடலை வளைத்துக் கயிற்றால் பிணிக்கும் ‘அண்ணாந்தாள்’ ஆகிய தமிழ்ச் சொற்கள் அவ்வறிக்கையின் ஆங்கிலத்தில் பெயர்க்கப்படாமல் அப்படியே இடம்பெற்றன. பெயர்க்க இயலாத சொற்கள் என்று பண்பாட்டுச் சொற்களையே நாம் எடுத்துக்காட்டுவது வழக்கம். இவற்றையும் அப்பட்டியலில் சேர்க்கவேண்டும். 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல்துறைச் சட்டம் காவலை வருவாய்த்துறையினின்று பிரித்தது.

தலையாரி என்னும் சொல் தனித்து நோக்கத்தக்கது. தெலுங்கில் தலாரி, கன்னடத்தில் தளவார. மைசூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் கன்னட வடிவத்தை இன்றும் கேட்கலாம். மூன்றாம் நூற்றாண்டு இட்சுவாகு மன்னர்களின் நாகார்ச்சுனகொண்டாக் கல்வெட்டுகளில் ‘மகாதலவர’ என்பது உயர்ந்த பதவிப்பெயராக வருகின்றது. பேரதிகாரியின் பெயர் ஊர்க்காவலனின் பெயராக இறங்கிற்று எனலாம். தமிழ் வடிவத்தில் ‘தலை’ என்பது மக்கள் சொற்பிறப்பின்வழி நுழைந்ததாகக் கருத இடமுண்டு. அரசாணைகளில் இன்று ‘கிராம உதவியாளர்’. ஊரார் வாயில் தலையாரிதான்.

தலையாரிக்கு அப்பால், அரசு அமர்த்தாத காவலும் ஒன்று இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் வரிப்பெயராக வருகின்றது. பிற்காலப் புதுக்கோட்டைக் கல்வெட்டுகளில் அவ்வுரிமை விலைக்கு விற்கப்பட்டதைக் காண்கிறோம். தென்மாவட்டங்களில் கள்ளரும் மறவரும் பெற்ற காவலுரிமை இம்மரபில் வந்தது. ஊரார் அறுவடையில் ஒரு பங்கைக் காவல்கூலியாகத் தருவர். பொருள் களவுபோனால் காவல்காரர் அதனை மீட்டுத்தர வேண்டும், இயலாவிடின் ஈடு தரவேண்டும். தொலைந்த மாட்டைக் கண்டுபிடித்துத் தருவதற்குத் துப்புக்கூலி தனி.

ஆங்கில அதிகாரிகள் இதனை ‘பிளாக்மெயில்’ என்று பெயர்த்தனர். பெயர்ப்பு முற்றும் தவறன்று. கூலி தர மறுத்தவரின் மாடு காணாமற்போனது உண்மையே. ஆயினும் அச்சொல்லின் வரலாறு வியப்பளிப்பது. ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில், பதினாறாம் நூற்றாண்டில், கொள்ளைக்கு அஞ்சிய உழவர் வலியோர்க்குச் செலுத்திய காப்புத்தொகைக்கே அப்பெயர் வழங்கிற்று. ‘மெயில்’ என்பது அங்கே குத்தகையைக் குறித்த சொல். எனவே முதற்பொருளில் அது காவல்கூலிக்கு ஏறக்குறைய சரியான இணை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் சொல் பொருள் மாறி, மிரட்டிப் பறித்தல் என்னும் குற்றப்பெயராகிவிட்டது. ஈடு தரும் கடமை அதில் மறைந்தது. பறிக்கும் செயல் மட்டும் நின்றது. 1871இல் இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தபோது, பிரமலைக் கள்ளர் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது; பலர் மாண்டனர். ஒரு மொழிபெயர்ப்பே இதற்குக் காரணம் என்பது மிகை. சட்டத்திற்கு வேண்டிய சொல்லை அது ஆயத்தமாக வைத்திருந்தது என்பது மிகையன்று.

ஆவணங்கள் இரண்டாகப் பிரித்த காவலையும் களவையும் கதைப்பாடல் பிரிக்கவில்லை. மதுரை வீரன் கதையில் அருந்ததியர் குடியில் வளர்ந்த வீரன், பொம்மியை மணந்து, திருமலை நாயக்கரின் ஆணையால் அழகர்மலைப் பகுதிக் கள்ளரை அடக்குகின்றான். பின்னர் வெள்ளையம்மாளை நாடி இரவில் சென்றபோது கள்ளனெனப் பிடிபட்டு மாறுகால் மாறுகை வாங்கப்படுகின்றான். காவலுக்கு அனுப்பிய அரசே கள்ளனென்று தண்டிக்கின்றது. இறந்தபின் மீனாட்சியம்மன் கோயிற் கிழக்குக் கோபுரத்தருகே அவன் காவல்தெய்வமாகின்றான். 1956இல் வெளிவந்த திரைப்படம் இக்கதையை ஊரெங்கும் கொண்டுசென்றது. நாட்டிங்ஹாம் ஷெரீப் பகைவன். மேற்கத்தியப் படங்களின் ஷெரீப் பெரும்பாலும் தலைவன். நம் வீரன் இவ்விரு நிலைகளையும் ஒருடம்பில் தாங்குகின்றான்.

அமெரிக்க ஷெரீப்பைத் தமிழ்ச் சிறுவர்க்கு அறிமுகப்படுத்தியவை சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸ் இதழ்கள். டெக்ஸ் வில்லர், லக்கி லூக் கதைகளில் அச்சொல்லை ஒலிபெயர்த்தே வைத்தனர். அது நல்ல முடிவு. ‘காவல் அதிகாரி’ என்றால் அவர் வாக்குப்பெற்று வந்தவர் என்பது போய்விடும். அரசு அமர்த்தும் மார்ஷலிடமிருந்து அவரைப் பிரித்தறியவும் இயலாது. சென்னை ஷெரீப்பையும் பெயர்க்க வேண்டியதில்லை. அது நம் ஆவணங்களில் உள்ள தமிழ்ச் சொல்லே. ஸ்காட்லாந்து ஷெரீப்பை நீதிபதி என்றே எழுதலாம். நாட்டிங்ஹாம் ஷெரீப்புக்கு மட்டும், முதல் வருகையிலேனும், ‘வரிதண்டும் அதிகாரி’ என்னும் விளக்கம் வேண்டும். இல்லையேல் ராபின் ஹுட் எதிர்த்தது எதனை என்பது விளங்காது.

இவற்றினும் கவனம் வேண்டுவது எதிர்த்திசைப் பெயர்ப்பு. அக்கால மாவட்ட விவரச்சுவடிகளையும் காவல்துறை அறிக்கைகளையும் தமிழாக்குவோர், ‘பிளாக்மெயில்’ வருமிடமெல்லாம் ‘மிரட்டிப் பணம்பறித்தல்’ என எழுதிவிடுதல் எளிது. அகராதி அதற்கு இடமும் தருகின்றது. அறிக்கை எழுதியவர் கேட்ட தமிழ்ச் சொல் காவல்கூலி. அதனை முதலில் வைத்து, ஆங்கிலேயர் இட்ட பெயரை அதன்பின் தருவதே முறை.