நீலகிரியின் கைவண்ண அச்சுப்படங்கள்

நீலகிரியின் காட்சிகளையும் தாவரங்களையும் செப்புத் தகட்டிலோ கல்லிலோ அச்சிட்டு, பிறகு தாள்தோறும் தூரிகையால் வண்ணம் தீட்டிக் குறைந்த பிரதிகளாக வெளியிட்ட படங்கள் இவை. 1830களிலிருந்து 1850களின் தொடக்கம் வரையிலானவை முக்கியமானவை. இன்று ஓவியர்கள் எண்ணிட்டு, கைப்படத் தீட்டி முடித்து விற்கும் பிரிண்டுகளைச் சேகரிப்போர் தேடும் இரண்டும், அதாவது குறைந்த பிரதியும் கையின் தடமும், இவற்றில் அன்றே இருந்தன.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியபின் சில ஆண்டுகளிலேயே உதகை ஆங்கிலேயரின் ஓய்விடமாயிற்று. உடல்நலம் தேடி வந்த படை அதிகாரிகள் பலர் வரையப் பயின்றவர்கள். அவர்களில் ஒருவரான கேப்டன் ரிச்சர்ட் பாரன் 1835இல் இங்கே தங்கி வரைந்தவை 1837இல் லண்டனில் படத்தொகுதியாக வந்தன. தகட்டில் பதித்தவர் ராபர்ட் ஹாவெல். அமெரிக்கப் பறவைகளைப் பற்றிய ஆடுபானின் பெருநூலுக்குத் தகடு செதுக்கியவரும் அவரே. செப்புத் தகட்டில் பிசின் தூளைப் பரப்பி அமிலத்தில் அரிக்கவிட்டால் நீர்வண்ணம் போன்ற மென்சாயல் கிடைக்கும். அதன்மேல் கையால் வண்ணம் ஏற்றினார்கள். மெக்கர்டி, பீகாக் ஆகிய அதிகாரிகளின் நீலகிரிக் காட்சிகள் கல்லச்சில் வந்தன. பீகாக்கின் தொகுதி 1847இல் வெளியானது. இவையெல்லாம் மலையில் வரைந்து கடல் கடந்து அச்சானவை.

தமிழ் மண்ணிலேயே வரைந்து, அச்சிட்டு, வண்ணமும் தீட்டிய பெரும்பணி ராபர்ட் வைட் என்ற மருத்துவருடையது. 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்த இவர், 1842இலிருந்து கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பண்ணைகளைக் கவனித்தபடியே நீலகிரித் தாவரங்களை ஆராய்ந்தார். இவரது ‘ஸ்பிசிலேஜியம் நீல்கெரென்ஸ்’ 1846இலிருந்து 1851 வரை சென்னையில் இரு தொகுதிகளாக வந்தது. அதில் கைவண்ணக் கல்லச்சுப் படங்கள் இருநூறு அளவில் உள்ளன. எண்ணெய்ப் பசையுள்ள மையால் சுண்ணாம்புக் கல்லில் வரைந்து கல்லை நனைத்தால், அச்சுமை கோடுகளில் மட்டும் ஒட்டும். அப்படி எடுத்த கறுப்புக் கோட்டுப்படத்துக்கு, முன்னே வைத்த மாதிரியைப் பார்த்து வண்ணம் தீட்டினார்கள். ஆகவே ஒரே செடியின் இரு பிரதிகளில் இலையின் பச்சை சற்று மாறியே இருக்கும். அந்த மாறுபாடு குறையல்ல. அதில்தான் வண்ணம் தீட்டியவரின் கையை நாம் நேரில் காண்கிறோம்.

வைட்டின் நூல்களுக்கு மூல ஓவியங்களை வரைந்தவர்கள் ரங்கய்யாவும், 1840களின் நடுவில் அவருக்குப் பின் வந்த கோவிந்துவும். தெலுங்கு ஓவிய மரபைச் சேர்ந்தவர்கள். கம்பெனி காலத்தில் இந்திய ஓவியர் பலர் பெயரின்றியே மறைந்தார்கள். வைட் இவர்கள் பெயரைப் படங்களில் பொறித்தார். 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். வகைப்பாடு மாறி அந்தப் பேரினப் பெயர் இன்று வழக்கில் இல்லை. 2007இல் எடின்பரோ தாவரவியல் பூங்காவின் ஹென்றி நோல்டி இவ்விருவரின் ஓவியங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அதன்பின் வைட்டின் பெயரோடு இவர்கள் பெயரும் பரவலாகப் பேசப்படுகிறது. வெகு காலம் தாமதித்து வந்த நீதி இது. தாள்தாளாக வண்ணம் தீட்டியவர்களுக்கோ அதுவும் வாய்க்கவில்லை.

வைட்டின் மற்றொரு பெருநூலான ‘ஐகோனெஸ்’ 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களோடு வந்தது. அவை வண்ணமின்றியே வெளியிடப்பட்டவை. அந்த நூலின் தாள் பளிச்சென்ற வண்ணத்தோடு விற்பனைக்கு வந்தால், வண்ணம் பிற்காலத்தில் ஏற்றப்பட்டதா என்று கேட்டே ஆகவேண்டும். உருப்பெருக்கியில் பார்த்தால் கைவண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், தூரிகை நின்ற ஓரம் சற்றே அடர்ந்திருக்கும். இயந்திர மறுபதிப்பில் வண்ணம் நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். இந்தச் சந்தையின் பெருங்கேடு நூலைப் பிரித்துத் தாள்தாளாக விற்பது. படம் சுவருக்குப் போகும், அதை விளக்கும் பக்கங்கள் காணாமற்போகும். பிரிக்காத தொகுதி கிடைத்தால் அதை அப்படியே காப்பதுதான் சேகரிப்பவரின் கடமை.

தாளின் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்திட்டு, எத்தனையில் இது எத்தனையாவது என்று குறிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிப் பின்னர் பரவியது. பாரன், வைட் படங்களில் அது இராது. அந்த வழக்கத்தோடு வளர்ந்த நவீன அச்சோவியத்தில் சென்னைக்கும் பங்குண்டு. 1940களின் இறுதியில் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்த கிருஷ்ணா ரெட்டி, பின்னர் பாரிஸில் மைகளின் பிசுபிசுப்பு வேறுபாட்டைக் கொண்டு ஒரே தகட்டில் பல வண்ணம் எடுக்கும் முறையை வளர்த்தார். சென்னையில் ஆர். எம். பழனியப்பன் போன்றோர் அச்சோவியத்தைத் தனிக்கலையாகவே எடுத்துச் சென்றனர். 1990களிலிருந்து கணினி மையச்சின்மேல் ஓவியரே வண்ணம் சேர்த்து விற்பதும் பெருகியது. அப்படிப்பட்ட பிரிண்டை வாங்குமுன், தூரிகை பிடித்தவர் ஓவியர்தானா, எத்தனை பிரதிகள், எண்ணிக்கைக்குள் சேராத ஓவியர் பிரதிகள் எத்தனை என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

உதகை, குன்னூர் வீடுகளில் பழையதோ புதியதோ கைவண்ண அச்சுப்படங்களை வைத்திருப்போருக்கு ஈரமே முதல் எதிரி. மழைக்காலத்தில் பூஞ்சை படரும், தாளில் பழுப்புப் புள்ளி விழும். சட்டத்தை வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. கண்ணாடி தாளைத் தொடாமல் அமிலமற்ற அட்டையால் இடைவெளி விடவேண்டும். கணப்பு அடுப்புக்கு மேலே மாட்டுவது இன்னும் கேடு. புகையும் வெப்பமும் சேர்ந்து தாளையும் வண்ணத்தையும் சில ஆண்டுகளிலேயே கெடுத்துவிடும்.