துறைமுக வரி உடன்படிக்கை (1865)

திருவிதாங்கூர், கொச்சி அரசுகளும் பிரிட்டிஷ் இந்திய அரசும் தமக்கிடையே போய்வந்த சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுங்கத்தை நீக்கச் செய்துகொண்ட ஒப்பந்தம். ஆவணங்களில் இதன் பெயர் இன்டர்போர்ட்டல் கன்வென்ஷன்.

அதற்கு முன், திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக வரும் வண்டி சுங்கச் சவுக்கையில் நின்றாக வேண்டும். மூட்டையை அவிழ்த்துக் காட்டி, தீர்வை கட்ட வேண்டும். திருவிதாங்கூர்க் காசுக்குச் சக்கரம் என்று பெயர். சக்கரம் கொடுத்தால்தான் சக்கரம் உருளும்.

புகையிலை தனிக்கதை. யாழ்ப்பாணத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த சரக்கை அரசே வாங்கி அரசே விற்றது. விலை ஏற ஏறக் கள்ளக்கடத்தலும் பெருகியது. திவான் டி. மாதவராவ் 1863-இல் அந்த ஏகபோகத்தை ஒழித்து, அதை இறக்குமதித் தீர்வையாக மாற்றினார்.  

தடையற்ற வணிகத்தில் மாதவராவுக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்க்க வேண்டும். 1805 உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் பிரிட்டிஷாருக்குக் கட்டிவந்த அரசு அது. நிர்வாகம் சீர்படாவிட்டால் நாடே கைமாறும் என்ற எச்சரிக்கையை 1855-இல் வாங்கியிருந்தது. சென்னை அரசிடமிருந்து வரும் யோசனையைத் தட்டிக்கழிக்க அதற்கு அதிக இடம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

1865 ஒப்பந்தப்படி, வெளிநாட்டுச் சரக்குக்குப் பிரிட்டிஷ் இந்தியாவின் தீர்வை விகிதமே இங்கும் என்றானது. உப்பையும் சென்னை மாகாண விலைக்கே விற்க வேண்டும். அங்கே வரி ஏறினால் நாஞ்சில் நாட்டுச் சமையலறையிலும் உப்பு விலை ஏறும். இழப்புக்கு ஈடாகத் திருவிதாங்கூருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். ஜெர்மன் அரசுகள் 1834-இல் அமைத்த சுங்கக் கூட்டணியிலும் பிரஷ்யாவின் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் அங்கே வருவாயை மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிட்டார்கள். இங்கே கிடைத்தது முன்கூட்டியே நிர்ணயித்த தொகை.

திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் பேரம் பேசும் பலம் பிறகு கொஞ்சம் கூடியது. கொச்சித் துறைமுகத்தை விரிவாக்க மூலதனம் தேவைப்பட்டபோது, 1925 ஒப்பந்தம் அதன் சுங்க வருவாயை இந்திய அரசு, கொச்சி, திருவிதாங்கூர் மூன்றுக்கும் சமபங்காக வைத்தது.

1950 ஏப்ரல் 1 அன்று முன்னாள் சமஸ்தானங்களின் நிதி ஒருங்கிணைப்பு நடந்தபோது சுங்கம் முழுவதும் டெல்லிக்குப் போயிற்று. இரண்டும் இணைந்த திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துக்கு வருவாய்ப் பற்றாக்குறை மானியம் ஒதுக்கப்பட்டது: மறுபடியும் ஓர் ஈட்டுத்தொகை, இம்முறை பத்தாண்டுக் கெடுவுடன்.