ஒரு சிவப்பு இதயத்தின் வரலாறு

பிரிட்ஜ்வாட்டரில் நாம் வேலை செய்யும் உணவகத்தின் சமையலறையில் எம்மோடு நிற்கும் மெக்சிகோக்காரருக்குத் தமிழ் தெரியாது. எமக்கு ஸ்பானிய மொழி தெரியாது. சுகமில்லையென்றால் கைத்தொலைபேசியில் காய்ச்சல் முகம் ஒன்றை அனுப்புவார். எமக்கு விளங்கிவிடும். இமோஜி என்பது யப்பானியச் சொல்: 'எ' என்றால் படம், 'மொஜி' என்றால் எழுத்து.

1990களில் யப்பானியப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேஜர் இருந்தது. டொகொமோ நிறுவனத்தின் பேஜரில் இதயக்குறி ஒன்றும் உண்டு. புதிய மாதிரியில் அதை நீக்கியதும் பிள்ளைகள் பலர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டனர். இந்தப் பாடத்தை மறக்காதவர் அங்கு பணியாற்றிய ஷிகெடக்கா குரிட்டா. 1999 பெப்ரவரி 22இல் தொடங்கிய ஐ-மோட் சேவையில் ஒரு மடலுக்கு 250 எழுத்துக்களே. நலம் விசாரித்து நீளமாக எழுதிப் பழகியவர்களுக்கு இந்தச் சுருக்கம் முகத்திலடித்தாற்போல் இருக்கும். அதற்காகவே 176 குறிகள், ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிகளில். வானிலைப் படங்களும் சித்திரக்கதைகளும் வீதி அடையாளங்களும் அவருக்கு வழிகாட்டின. அவருக்கு முன்பே, 1997இல், ஜே-போன் வெளியிட்ட ஒரு கைத்தொலைபேசியில் 90 குறிகள் இருந்தன. ஆனால் அது அதிகம் விற்கவில்லை.

நிறுவனத்துக்கு நிறுவனம் குறியீடு வேறு. ஒன்றில் இட்ட இதயம் மற்றதில் தெரியாது. ஆளுக்கொரு எழுத்துருவோடு மல்லாடிய தமிழருக்கு இது புதிதல்ல. அதே 1999 பெப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடி, பொதுக் குறியீட்டுக்கு வழி தேடியது.

யூனிகோட் 2010இல் இமோஜிகளை ஏற்றது. நாள், மாதம், பற்று, வரவு என எம் முன்னோர் கணக்கேட்டில் இட்ட குறிகள் 2003இலேயே அங்கு இடம்பெற்றுவிட்டன. ஆனால் அவற்றை இன்று இடுவார் அரிது. பட்டியலில் ஏறினால் மட்டும் ஒரு குறி உயிர்வாழாது.

குரிட்டாவின் 176 குறிகளையும் 2016இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்தது. இங்கிருந்து ரயிலில் போகலாம். நாம் இன்னும் போகவில்லை.

2009இன் முதல் மாதங்களில் அம்மா வன்னியில் இருந்தா. யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்த எமக்கு அவவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. படிப்பும் அந்த வருடத்தோடு நின்றது. இப்போது கிளிநொச்சியில் விடியும் நேரம் இங்கே இரவுச் சாப்பாட்டு நெரிசல். எழுத்துக்கூட்டி எழுதப் பஞ்சிப்படும் அம்மா ஒரு சிவப்பு இதயத்தை அனுப்புவா. 'இருக்கிறன்' என்பதே அதன் பொருள். நெரிசல் தணிந்ததும் கையைத் துடைத்துவிட்டு நாமும் ஒன்று அனுப்புவோம்.