க்ளூனி மடமும் காணிக்கையின் பாரமும்

கி.பி. 910ஆம் ஆண்டில் அக்குயித்தேன் பிரபு வில்லியம், பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள க்ளூனியில் பெனடிக்ட்டின் ஒழுங்குவிதியைக் கைக்கொள்ளும் மடமொன்றை நிறுவினார். பிரபுக்கள் மடங்களைத் தம் குடும்பச் சொத்தாகப் பாவித்து, தமக்கு வேண்டியவரையே மடத்தலைவராக அமர்த்திய காலம் அது. வில்லியமோ, தாமும் தம் உறவினரும் அரசரும் அம்மடத்தின்மீது எவ்வுரிமையும் பாராட்டலாகாது எனச் சாசனம் எழுதி, அதனைப் பேதுரு, பவுல் என்னும் அப்போஸ்தலரின் பாதுகாப்பில் ஒப்புவித்தார். முதல் தலைவர் பெர்னோவின் மறைவுக்குப்பின் தலைவரைத் தெரிந்துகொள்ளும் உரிமை துறவியருக்கே உரியதாயிற்று.

இவ்விடுதலை நற்கனி கொடுத்தது. ஓடோ, ஒடிலோ, ஹியூ ஆகிய தலைவர்களின் காலத்தில் மேற்கு ஐரோப்பாவின் நூற்றுக்கணக்கான மடங்கள் க்ளூனியின் ஒழுங்கைத் தழுவின. ஹியூ மட்டுமே 1049 முதல் 1109 வரை 60 ஆண்டுகள் தலைமை வகித்தார்.

க்ளூனியின் தலையாய பணி ஆராதனை. மரித்தோருக்கான வேண்டுதல் அதில் சிறப்பிடம் பெற்றது. நவம்பர் 2ஆம் நாளை மரித்தோர் நினைவுநாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தியவர் ஒடிலோவே. அவ்வேண்டுதலை நாடிப் பிரபுக்கள் நிலங்களை வழங்கினர். லெயோன்-காஸ்தில் மன்னர் பெர்டினாந்து ஆண்டுதோறும் பொன் அனுப்பினார். அவர் மகன் ஆறாம் அல்போன்சு அதனை இரட்டிப்பாக்கினார். 1088இல் தொடங்கிய பேராலயம் ஏறத்தாழ 187 மீட்டர் நீளமுடையதாய் எழுந்தது. ஆனால் வழிபாடு நீள நீள, பெனடிக்ட் வலியுறுத்திய கைவேலை குறைந்தது.

காணிக்கையோடு கடனும் வந்தது. மரித்த துறவி ஒவ்வொருவரின் பெயராலும் ஏழைகளுக்கு உணவளிப்பது க்ளூனியின் வழக்கம். அது மெய்யான அன்பின் செயலே. எனினும் நினைவுகூரப்பட வேண்டியோரின் பட்டியல் ஆண்டுதோறும் வளர்ந்தது. 1122இல் தலைவரான பேதுரு, மரித்தோருக்கான பங்கு உயிரோடிருப்போரின் உணவையே விழுங்கக் கண்டு, அதனை நாளொன்றுக்கு 50 என வரையறுத்தார். கைவேலையை ஓரளவேனும் மீட்கவும் முயன்றார்.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னரின் முதலமைச்சர் ரிஷெலியூவே க்ளூனியின் தலைவர் பட்டத்தை ஏற்றார். 910இன் சாசனம் தடுக்க முயன்றது நிறைவேறிவிட்டது. 1790இல் புரட்சி அரசு மடத்தை மூடியது; பின்னர் ஆலயம் விற்கப்பட்டு, கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டது.

பிரபுவின் கையினின்று விடுதலை பெற்ற மடம், காணிக்கையின் கையினின்று விடுதலை பெறவில்லை. மரித்தோருக்கான வேண்டுதலை நாம் ஏற்காதிருக்கலாம்; அதனால் இவ்வரலாறு நமக்குரியதன்று என எண்ணலாகாது. அறக்கட்டளையைப் பெறும் எச்சபையும், கொடுத்தவரின் விருப்பம் நாளைய ஊழியத்தின் எவ்வளவைத் தனக்கெனப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பெறும்போதே ஆராய்தல் வேண்டும்.