சேலம் மதுவிலக்கு: தொண்டு சட்டமான கதை

மதுவிலக்கு என்றாலே இன்று எல்லோருக்கும் ஞாபகம் வருவது தேர்தல் வாக்குறுதிதான். ஆனால் சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுக்கடைகளைச் சட்டப்படி மூடிய மாவட்டம் எது தெரியுமா? நம்ம சேலம் மாவட்டம்தான்! இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அப்போது சேலத்தோடுதான் இருந்தன.

இந்தச் சட்டத்தின் வேர் இருந்தது கோட்டையில் அல்ல, ஒரு கிராமத்தில். 1921ல் கள்ளுக்கடை மறியல் சூடுபிடித்தபோது, பெரியார் சேலம் தாதம்பட்டியில் இருந்த தன் தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். 1925ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அதைத் திறந்து வைத்தவரும் பெரியார்தான். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், பெரிய வக்கீலாகச் சம்பாதித்தவர், குடும்பத்தோடு அந்தக் கிராமத்தில் வந்து தங்கினார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் இவைதான் ஆசிரமத்தின் வேலைகள். மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை அங்கிருந்து வந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையாக வேலை செய்தவர் கல்கி.

ஆனால் தொண்டர்களால் ஒன்றுதான் முடியவில்லை. குடிக்கிறவரிடம் பேசி மனதை மாற்றலாம். கடையை மூட முடியாது. ஏனென்றால் கடையை ஏலம் விட்டதே அரசாங்கம்தான். நிலவரிக்கு அடுத்தபடியாக மாகாணத்துக்குப் பெரிய வருமானம் கள், சாராயம் மூலம்தான் வந்தது. அந்தப் பணத்துக்கு வேறு வழி சொல்லாமல் எந்த அரசும் அசையாது.

1937 ஜூலையில் ராஜாஜியே மாகாணப் பிரதமர் ஆனார். அதே ஆண்டு அக்டோபர் 1ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. ஆசிரமத்துத் தொண்டர்கள் பல வருடம் ஊர் ஊராகப் பேசிய விஷயம் இப்போது சட்டம்! அடுத்து சித்தூர், கடப்பா, வட ஆற்காடு மாவட்டங்களுக்கும் பரவியது. பள்ளத்தில் விழுந்த கஜானாவை நிரப்ப 1939ல் பொது விற்பனை வரி கொண்டு வந்தார். வியாபாரிகளிடம் எதிர்ப்பு வந்தது. அவர் பின்வாங்கவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1939 அக்டோபரில் அமைச்சரவை ராஜினாமா செய்தது. போர்க்காலக் கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஓமந்தூரார் ஆட்சியில் 1948ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971ல் தளர்த்தப்பட்டது, 1974ல் திரும்ப வந்தது, 1981ல் மறுபடி போனது. 2003ல் இருந்து சில்லறைக் கடைகளை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. ஆனால் மதுவுக்குப் பதிலாக வந்த விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. பெயர் மாறி வாட் ஆனது, 2017ல் ஜிஎஸ்டி ஆனது. மதுவை விட்டுக்கொடுக்க வந்த வரியும் இருக்கிறது, மதுவும் இருக்கிறது!

இதில் இருந்து என்ன தெரிகிறது? தொண்டு மட்டும் இருந்தால் கடை மூடாது. அரசை அசைக்க வேண்டுமானால் கோரிக்கையோடு கணக்கும் கொண்டு போக வேண்டும். ராஜாஜி அதைச் செய்தார். ஆனால் சட்டம் மட்டும் இருந்தாலும் நிலைக்காது. ஆட்சி மாறினால் சட்டம் மாறும். ஊர் ஊராகப் போய்ப் பேச ஆள் இருந்தால்தான் அடுத்த ஆட்சியிடமும் கேட்க ஒரு குரல் மிஞ்சும்.

புதுப்பாளையம் ஆசிரமம் 2025ல் நூறு வயதைத் தொட்டது. திருச்செங்கோடு பக்கம் போனால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.