வேல் துறந்த குதிரைப்படை

வேலும் குதிரையும் நம் புறப்பாடல்களுக்குப் பழகிய துணைகள். குதிரையின் வீரத்தைப் பாடுவதற்கென்றே ‘குதிரை மறம்’ என ஒரு துறையை வகுத்தவர்கள் நம் முன்னோர். புகைவண்டியும் தந்தியும் வந்துவிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்க மண்ணில், வேலேந்திய குதிரைப்படை ஒன்று போருக்குப் புறப்பட்டது என்றால் அதன் வரலாற்றை அறிய நமக்கு ஆவல் எழுவது இயல்பேயன்றோ? அதுவே பென்சில்வேனியா மாநிலத்தின் ஆறாவது தொண்டர் குதிரைப்படை.

அடிமை முறையைக் காக்க முனைந்த தென் மாநிலங்கள் ஒன்றியத்தினின்று பிரிந்தமையால் 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. நடுவண் அரசிடம் இருந்த நிலைப்படை மிகச் சிறியது. ஆகவே மாநிலந்தோறும் தொண்டர் படைகள் திரட்டப்பெற்றன. பிலடெல்பியா நகரில் இப்படையைத் திரட்டியவர் ரிச்சர்டு ரஷ். விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷின் பேரர் இவர். 1846-இல் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் இவருடன் தேறியவர் தளபதி மக்கிளெல்லன். ஐரோப்பியப் படைகளின் ஈட்டிக் குதிரை வீரர்பால் ஈடுபாடு கொண்டிருந்த அவரே இப்படைக்கு வேல் தரலாம் என்ற கருத்தை முன்வைத்தார்.

அந்த வேல் ஆஸ்திரிய முறையில் செய்யப்பட்டது. ஒன்பதடி நீளம், பதினோரு அங்குல முனை, முனையின் கீழே செந்நிறக் கொடித்துகில். அணிவகுப்பில் காண்போர் கண்ணைக் கவர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ‘ரஷ்ஷின் வேல்வீரர்’ என்ற பெயர் நாடெங்கும் பரவிற்று. ஆனால் 1862-இல் ரிச்மண்டை நோக்கிய படையெடுப்பில் வர்ஜீனியக் காடுகளுக்குள் புகுந்தபின் கதை வேறாயிற்று. அடர்ந்த மரங்களிடையே ஒன்பதடிக் கோலைத் திருப்பவே இடமில்லை. மரத்தின் மறைவில் துப்பாக்கியோடு நிற்பவனை வேல் என்ன செய்யும்? தம் பக்கத்து வீரர்களே இவர்களை ‘வான்கோழி மேய்ப்போர்’ என்று எள்ளினர். வேலின்மேல் குற்றமில்லை என்பதே நம் கருத்து. திறந்த வெளிக்கெனச் செய்த கருவியைக் காட்டுக்குள் அனுப்பியவர் குற்றம் அது.

1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் வேல்கள் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. வீரர் கைக்குக் கார்பைன் என்னும் குறுந்துப்பாக்கி வந்தது. சில நாட்களிலேயே இப்படையின் பெரும் சோதனையும் வந்தது.

ஜூன் 9-ஆம் நாள் பிராண்டி ஸ்டேஷன் என்னுமிடத்தில் இருதரப்புக் குதிரைப்படைகளும் மோதின. அப்போர்முழுதிலும் நிகழ்ந்த குதிரைப் போர்களில் மிகப் பெரியது அதுவே. செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தின் அருகே மேட்டில் எதிரியின் பீரங்கிகள் நின்றன. இடையே வெட்டவெளி. அதைக் கடந்து பீரங்கிகளை நோக்கிப் பாயுமாறு இப்படைக்கு ஆணை. வேலை ஒப்படைத்தபின்னரே வேலுக்குரிய வெளி கிடைத்தது என்பதை எண்ணும்போது நமக்கு நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை! மேஜர் ராபர்ட் மாரிஸ் முன்செல்ல, உருவிய வாளோடு பாய்ந்து பீரங்கிகளின் நடுவே புகுந்தனர். இருபுறமும் எதிரிகள் வளைக்கவே பேரிழப்புடன் திரும்ப நேர்ந்தது. அன்று எதிரே நின்ற பீரங்கி அதிகாரி ஒருவரே பின்னாளில் இவர்கள் வீரத்தை வியந்து எழுதினார். குதிரை விழுந்தமையால் சிறைப்பட்ட மாரிஸ், ஆகஸ்டு மாதத்தில் ரிச்மண்டின் லிப்பி சிறையில் உயிர் நீத்தார். விடுதலைப் போருக்குப் பொருள் திரட்டித் தந்த ராபர்ட் மாரிஸின் வழித்தோன்றல் அவர். முன்னோர் உருவாக்கிய நாடு இரண்டாகப் பிளந்து நிற்க, அதன் சிறையொன்றில் முடிந்தது அவர் வாழ்வு.

நிலைப்படையின் குதிரைப் பிரிவுகளோடு ஒரே அணியில் வைக்கப்பட்ட தொண்டர்கள் இவர்கள் என்பதே இவர்களின் தகுதிக்குச் சான்று. ஜூலை 3-ஆம் நாள் கெட்டிஸ்பர்க்கில் களத்தின் தென்கோடியில் குதிரையினின்று இறங்கித் துப்பாக்கியால் போரிட்டனர். மறு ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் டிரெவிலியன் போரில், குண்டு தீர்ந்துபோகும் நிலையிலிருந்த முன்காவலருக்காக, எதிரி சுட்டுக்கொண்டேயிருந்த திறந்த வெளியில் வெடிமருந்துப் பெட்டியைச் சுமந்து சென்றார் கேப்டன் பிராங்க் பர்னெஸ். அவருக்கு உயரிய வீரப்பதக்கம் கிடைத்தது 1899-இல்தான். முப்பத்தைந்து ஆண்டு காத்திருந்தது அந்தப் பெட்டியின் புகழ்! வேலோ வாளோ அன்றி ஒரு மரப்பெட்டியைச் சுமந்து பெற்ற புகழ் அது.

1865-இல் போர் முடிந்ததும் வேறு படைகளோடு இணைக்கப்பெற்று இப்படை தன் பெயரை இழந்தது. பர்னெஸ் கட்டடக் கலைஞராகப் பிலடெல்பியாவில் பெரும்பெயர் பெற்றார். 1876-இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தின் கட்டடம் அவர் கைவண்ணங்களுள் ஒன்று.

கெட்டிஸ்பர்க்கில் தம் தோழர்களுக்கு 1888-இல் எழுப்பிய நினைவுக்கல்லை வடித்தவரும் அவரே. அங்குப் போரிட்ட நாளில் அவர்கள் கையில் இல்லாத ஒன்றையே அவர் தேர்ந்தார். கல்லைச் சுற்றிலும் வேல்கள் நிற்கின்றன. நடுகல்லின் முன்னே வேலும் கேடயமும் ஊன்றிவைத்த காட்சியை அகநானூற்றுப் பாலைப் பாடல்களில் கண்ட நமக்கு அந்தக் கல் அயலாகத் தோன்றவில்லை.