ராஜ்புத்: ஒரு நாசகாரிக் கப்பலும் எங்கட கடலும்

2021 மே 21 ஆம் திகதி. விசாகப்பட்டினம் கடற்படைத் தளத்தில் பொழுதுபடுகிற நேரம் ஒரு போர்க்கப்பலின் கொடி கடைசித் தடவையாக இறக்கப்பட்டது. கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். ராஜ்புத். சேவைக்காலம் 41 வருடம். கொரோனா காலம் என்றபடியால் பெரிய விழா இல்லை, தளத்தில் நின்ற ஆட்கள் மட்டும்தான்.

அன்றைய அரச அறிக்கையில் ராஜ்புத் பங்குபற்றிய நான்கு நடவடிக்கைகளின் பெயர்கள் இருந்தன: இலங்கைக்கு அப்பால் அமைதிப் படைக்கு உதவியாக ஒப்பரேஷன் அமன், இலங்கைக் கரையோர ரோந்துக்காக ஒப்பரேஷன் பவன், மாலைதீவில் ஒப்பரேஷன் கக்டஸ், லட்சத்தீவில் ஒப்பரேஷன் குரோஸ்நெஸ்ட். ஒவ்வொன்றுக்கும் கால் வரி. அதில் முதல் இரண்டும் எங்கட கடலில் நடந்தவை. மானிப்பாயில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் 'பவன்' என்ற சொல் எங்கட வீடுகளுக்குள்ளே வந்துபோன சொல். இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கால் வரிதான்.

முதலில் கப்பலைப் பார்ப்போம். 'டெஸ்ட்ரோயர்' என்பதை எங்கட பத்திரிகைகள் நாசகாரிக் கப்பல் என்று எழுதும். கேட்டால் ஊரையே நாசமாக்க வந்த கப்பல் மாதிரி இருக்கும். உண்மையில் சின்ன டோர்பிடோப் படகுகள் பெரிய கப்பல்களுக்குக் கிட்டப் போய்த் தாக்கத் தொடங்கின. அந்தப் படகுகளைத் துரத்தி அழிக்கவென்று 1890களில் பிரித்தானியர் கட்டினதுதான் இந்த வகை. பெயர் சுருங்கிப்போக, வேலை விரிந்துகொண்டே போனது. நீர்மூழ்கி எதிர்ப்பு, விமான எதிர்ப்பு, ஏவுகணை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

ராஜ்புத் சோவியத் யூனியனின் கஷின் வகையை மாற்றியமைத்துக் கட்டப்பட்டது. முழுக்க எரிவாயுச் சுழலியில் ஓடின முதல் பெரிய போர்க்கப்பல்களில் கஷின்களும் அடக்கம். அந்த இயந்திரத்தின் கீச்சொலியால் 'பாடும் கப்பல்கள்' என்றும் ஒரு பட்டம் இருந்தது. ராஜ்புத் கிட்டத்தட்ட 147 மீற்றர் நீளம், முழுச் சுமையோடு 5,000 தொன்னுக்குச் சற்றுக் குறைவு. இன்றைய உக்ரேனின் நிகோலாயேவ் நகரத்தில் கட்டினார்கள். ரஷ்யப் பெயர் 'நாதியோஷ்னி', அதாவது நம்பகமானது. 1980 மே 4 இல் ஜோர்ஜியாவின் போட்டித் துறைமுகத்தில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. சேர்த்துவைத்தவர் அப்போது மொஸ்கோவில் தூதராக இருந்த ஐ.கே. குஜ்ரால், பின்னாளில் பிரதமரானவர். முதல் கட்டளை அதிகாரி கப்டன் ஜி.எம். ஹிரானந்தானி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கோ.

இனி எங்கட பக்கம். 1987 ஜூன் 4 இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே உணவுப் பொதிகளைப் போட்டன. அதற்குப் பெயர் 'பூமாலை'. ஜூலை 29 இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் ஒப்பந்தம் எழுதினார்கள். அடுத்து அமைதிப் படை வந்தது. மாலை போட்டு வரவேற்ற சனம் இருந்தது. ஒக்டோபரில் பவன் தொடங்கியது. ஒக்டோபர் 21 இல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளிகள், வைத்தியர்கள், தாதியர், ஊழியர் என்று 60 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நல்லூர்க் கோயில் அகதி முகாமானது. 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் திருகோணமலையிலிருந்து கப்பலேறினார்கள். இந்தியத் தரப்பிலும் ஏறத்தாழ 1,200 படையினர் திரும்பிப் போகவில்லை.

இவ்வளவுக்குள் ராஜ்புத் எங்கே? கடலில், ரோந்தில். இடுப்பளவு தண்ணியுள்ள பண்ணைக் கடலில் 5,000 தொன் கப்பல் நிற்க ஏலாது. அது நிற்கிற இடம் ஆழமான வெளிக்கடல். தரையில் நடந்ததைக் கப்பல் செய்தது என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் தரையில் நிற்கிற ஒரு படைக்குக் கடல்தான் முதுகு. அந்த முதுகைக் காத்த கப்பல்களில் இதுவும் ஒன்று. 'ரோந்து' என்ற சின்னச் சொல்லை நாங்கள் அப்படித்தான் வாசிக்கிறோம்.

மூன்றாவது நடவடிக்கையிலும் எங்கட ஆட்கள் இருக்கினம். 1988 நவம்பர் 3 இல் மாலைதீவில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற அப்துல்லா லுத்துஃபியின் குழுவோடு கூலிக்குப் போய் இறங்கினவர்கள் புளொட் இயக்கத்துப் பெடியள். பணயக் கைதிகளோடு 'புரோகிரஸ் லைட்' கப்பலில் தப்பினவர்களை ஐ.என்.எஸ். கோதாவரியும் பெத்வாவும் மறித்தன. எங்கட வரலாற்றை எழுதும்போது இதையும் எழுதவேணும். வசதியான பக்கங்களை மட்டும் எடுத்தால் அரச அறிக்கைக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

அதற்குப் பிறகு ராஜ்புத் பிரமோஸ் ஏவுகணைச் சோதனைகளுக்கு மேடையானது. இந்திய இராணுவத்தின் ராஜ்புத் ரெஜிமென்டோடு இணைக்கப்பட்டது. இப்படி ஒரு தரைப்படைப் பிரிவோடு இணைக்கப்பட்ட முதல் இந்தியக் கடற்படைக் கப்பல் இதுதான்.

இப்போது ஹிரானந்தானிக்கு வருவோம். அவர் உப தளபதி நிலைவரை உயர்ந்து, ஓய்வுபெற்ற பிறகு இந்தியக் கடற்படையின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். அதில் ஒரு தொகுதி 1976 இலிருந்து 1990 வரையானது. பவன் காலம் முழுக்க அதற்குள் அடங்கும். கப்பலின் முதல் கப்டனே வரலாற்றாசிரியரும் ஆகிவிட்டார். தளத்திலிருந்து பார்த்த கடலுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு?

எங்கட வீடுகளில் 'இந்தியன் ஆமி காலம்' என்று ஒரு கதை தொடங்கும். யாராவது ஒருத்தர் 'இப்ப ஏன் அது' என்று சொல்ல, அது நின்றுபோகும். அப்போது 20 வயதாக இருந்தவர்கள் இன்று 60 ஐ நெருங்கினவர்கள் அல்லது தாண்டினவர்கள்.

ஒரு கதவு திறந்திருக்கிறது. ராஜ்புத்தின் கொடி இறங்கி மூன்று கிழமையில், 2021 ஜூன் 12 இல், இந்தியப் பாதுகாப்பு அமைச்சு ஒரு கொள்கையை அறிவித்தது: போர், நடவடிக்கை ஆவணங்களை வழமையாக 25 வருடத்தில் இரகசிய நீக்கம் செய்யவேணும், வரலாறு தொகுத்த பிறகு பழையவற்றைத் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு அனுப்பவேணும். பவனுக்கு 25 வருடம் 2012 இலேயே முடிந்தது. எந்த நாள் எந்தக் கப்பல் எங்கே நின்றது என்று ஆராய்ச்சி மாணவர்கள் கேட்பதற்கு இப்போது ஒரு அடிப்படை இருக்கிறது. கேட்போம்.

மற்றப் பாதி வேலைக்கு டெல்லி தேவையில்லை. ஒரு கைபேசி, ஒரு பின்னேரம், அம்மம்மாவின் பக்கத்தில் ஒரு கதிரை போதும். திகதி, இடம், யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பதியுங்கோ. அந்த ஆவணங்கள் வெளிவருகிற நாளில், அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களிடமும் ஏதாவது இருக்கவேணும்.